நூல் நிலையத்தை மூடிவிடலாமா?

"செல்போன் வந்துவிட்டது, இனி நூல் நிலையம் எதற்கு?" என்பதாக ஒரு பேச்சு இப்போது எங்கு பார்த்தாலும் கிளம்பியிருக்கிறது. சாயாக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லுகிறார்கள்; பட்டம் பெற்று உத்தியோகத்தில் இருப்பவர்களும் சொல்லுகிறார்கள்; போதாக்குறைக்கு நம் தோழர்களில் சிலரும், அதிலும் மேடையேறிப் பகுத்தறிவு பேசுகிறவர்களே, "எல்லாம் கைக்குள் இருக்கும்போது பீரோவுக்குள் இருப்பதைத் தேடிக்கொண்டு எவன் போவான்?" என்று கேட்கிறார்கள். இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை, இதனால் லாபமடைகிறவர் யார், நஷ்டமடைகிறவர் யார் என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் செல்போனுக்கு விரோதியல்ல. எழுத்தை ஒரு கூட்டத்தாரின் சொத்தாக வைத்துப் பூட்டியிருந்த தேசத்தில், அந்தப் பூட்டை உடைக்கிற எந்தக் கருவிக்கும் நாம் விரோதியாக இருக்க முடியாது.

நம் நாஞ்சில் நாட்டின் சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம். பெண்கள் மார்பை மறைத்துத் துணி உடுத்துவதற்கே கலகமும் அடிதடியும் நடந்து, 1859ஆம் வருஷத்தில் சர்க்கார் விளம்பரம் ஒன்று வெளிவர வேண்டியிருந்த பூமி இது. சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடப்பதற்கு 1926இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. தெருவிலேயே நடக்கக்கூடாது என்று சொன்னவர்கள் ஏட்டைத் தொட விட்டிருப்பார்களா? நாகர்கோவிலில் பாதிரிமார்கள் 1820ஆம் வருஷத்தை ஒட்டி அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புஸ்தகம் அடித்துக் கொடுத்த பிறகுதான் நம்மவர்களில் அநேகர் கையில் முதல் காகிதம் வந்து சேர்ந்தது. அவர்கள் தங்கள் மதத்தைப் பரப்புவதற்காகத்தான் அதைச் செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தைக் கற்றுக்கொண்டவன் அவர்கள் கொடுத்த புஸ்தகத்தோடு நின்றுவிடவில்லை. 2011 ஜனக் கணக்கில் கன்னியாகுமரி ஜில்லாவில் 100க்கு 91.75 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தமிழ்நாட்டு ஜில்லாக்களிலெல்லாம் இதுதான் முதலிடம். சாமி கொடுத்த வரத்தால் வந்ததல்ல இது. பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வாசகசாலையும் கொடுத்தது.

இன்டர்நெட்டும் அந்த வரிசையில் வந்ததுதான். 1998ஆம் வருஷப் பொங்கலன்று ஆரம்பிக்கப்பட்ட மதுரைத் திட்டத்தில், உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எவரும் காசில்லாமல் படிக்கும்படி போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1981ஆம் வருஷம் மே மாதக் கடைசி இரவில் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள்; சுமார் 97,000 புஸ்தகங்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதற்கு ஈழத் தமிழர்கள் சொன்ன பதில் என்னவென்றால், 2005இல் "நூலகம்" என்ற பெயரால் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கி, அகப்பட்ட புஸ்தகம், பத்திரிகை, துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் படம் பிடித்து இன்டர்நெட்டில் ஏற்றியதாகும். இனி ஒரு தீக்குச்சியால் அவ்வளவையும் எரித்துவிட முடியாது. இதையெல்லாம் கண்டு சந்தோஷப்படாதவன் தமிழனுமல்ல, பகுத்தறிவுவாதியுமல்ல.

நிற்க, செல்போனில் நல்லது இருக்கிறது என்பதால் நூல் நிலையம் வேண்டாம் என்று ஆகிவிடுமா என்பதுதான் கேள்வி.

சில மாதங்களுக்கு முன் நாகர்கோவிலுக்கு அடுத்த ஓர் ஊரில் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் வயலில் உழைத்தவர், நம்மிடத்தில் செல்போனை நீட்டினார். பூமியின் காந்த மையம் சிதம்பரம் நடராஜர் கால் பெருவிரலுக்கு அடியில் இருப்பதாக அமெரிக்காவின் நாசா கண்டுபிடித்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. அப்படி இருக்க முடியாதே என்றோம்.

"தம்பி, இது நான் சொன்னதில்லை. நாசாக்காரனே சொல்லியிருக்கான். நீ என்ன அவனைவிடப் பெரிய ஆளா?" என்றார்.

பெரிய ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டு, "வாருங்கள், பெரிய ஆளிடத்திலேயே கேட்போம்" என்று பக்கத்திலுள்ள நூலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த நூலகரம்மாள் நம்மோடு வாதம் செய்யவில்லை. பெரியவரைப் பரிகசிக்கவும் இல்லை. "நாசா இதை எந்த வருஷம் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது, பார்ப்போமா ஐயா?" என்று மட்டும் கேட்டார். கம்ப்யூட்டரில் நாசாவின் சொந்தப் பக்கத்தையே திறந்து தேடிக் காட்டினார். அங்கே அப்படி ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தை எடுத்து விரித்தார். பூமியில் காந்தத்துக்கு நடுப்புள்ளி என்று ஒரு கோவில் வாசலைக் காட்ட முடியாது. காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு, அது பூமியைச் சுற்றிப் போகிற நீண்ட கோடு, அதுவும் காலத்துக்குக் காலம் சற்றே நகர்கிற கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஆகாயத்தை ஆராய வேண்டும் என்று இந்திய விஞ்ஞானிகள் இடம் தேடியபோது சிதம்பரத்துக்குப் போகவில்லை. திருவனந்தபுரத்துக்கு அடுத்த தும்பாவுக்குத்தான் வந்தார்கள். 1963 நவம்பர் 21இல் அங்கிருந்துதான் முதல் ராக்கெட் விட்டார்கள். அங்கே மீனவர்கள் கும்பிட்டுவந்த கிறிஸ்தவக் கோவிலே விஞ்ஞானிகளுக்குக் காரியாலயமாக விடப்பட்டது. (எல்லாக் கோவில்களுக்கும் இந்த நல்ல கதி கிடைக்க வேண்டும் என்பது நம் ஆசை; அது வேறு விஷயம்.)

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தும்பா நம்ம பக்கம்தானே. இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாதே. அப்போ இதை எழுதி அனுப்புனவன் யாரு?" என்று கேட்டார்.

தோழர்களே! இந்தக் கேள்விதான் விலைமதிப்பற்றது. இந்தக் கேள்வியைச் செல்போன் அவருக்குள் எழுப்பவில்லை. அது நாள்தோறும் இருபது முப்பது சங்கதிகளை அவர் கைக்குள் கொட்டியது. எழுதியவன் பெயர் இல்லை, தேதி இல்லை, ஊர் இல்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது ஒரு நூலகரம்மாளும் ஒரு பழைய பூகோளப் படமுமாகும். பழைய காலத்துப் புரோகிதன் என்ன சொன்னான்? "சாஸ்திரத்தில் இருக்கிறது, நீ படிக்கக்கூடாது" என்றான். இப்போதைய புரோகிதன், "நாசாவில் இருக்கிறது, நீ படிக்க வேண்டியதில்லை, பத்துப் பேருக்கு அனுப்பு" என்கிறான். ஆதாரத்தைக் காட்டாமலிருப்பதில் இருவருக்கும் வித்தியாசம் என்ன?

திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோவிலுக்கு மேலே வந்ததும் சாட்டிலைட்டுகள் சில வினாடி நின்றுபோகின்றன என்று ஒரு புளுகு பல வருஷங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தாழப் பறக்கிற சாட்டிலைட் ஒன்று வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓட்டம் நின்றால் அது விழுந்துவிடும், மறுபடி கிளம்பிப் போகாது. ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றுகிறவையோ பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. பள்ளிக்கூடத்துப் பையன் படிக்கிற பாடம் இது. ஆனால் என்ஜினீயரிங் படித்தவர்களே இந்தப் புளுகை அனுப்பிவைக்கிறார்கள். படித்தவன் அனுப்புவதால் பாமரன் நம்புகிறான்.

இதையெல்லாம் வெறும் மூடத்தனமென்று சிரித்து விட்டுவிட முடியுமா என்றால் முடியாது. 2018ஆம் வருஷம் மே மாதம் திருவண்ணாமலை ஜில்லாவில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியிருந்தது. குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான், அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் கொலைகாரப் பரம்பரையா? இல்லை. நம்மைப் போலக் குழந்தை குட்டியோடு வாழ்கிற ஜனங்கள். அவர்கள் கையில் செல்போன் இருந்தது. வந்த செய்தி மெய்யா என்று கேட்டறிய ஓர் இடம் இல்லை, கேட்க வேண்டும் என்ற பழக்கமும் இல்லை. இப்படிப் பல இடங்களில் உயிர்ப்பலி ஆனபிறகுதான், அந்த வருஷம் ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கம்பெனிக்காரன் இந்தியாவில் கட்டுப்பாடு செய்தான்.

கம்பெனிக்காரன் என்று சொன்னோம். இந்தக் கம்பெனிகளின் வியாபாரம் எதில் நடக்கிறது என்பதை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. யூடியூபும் பேஸ்புக்கும் உங்களுக்கு இனாமாகக் கொடுக்கப்படுகின்றன. கடைக்காரன் இனாமாகக் கொடுக்கிறான் என்றால் விற்கிற சரக்கு வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கண்ணும் உங்கள் நேரமும்தான் அந்தச் சரக்கு. விளம்பரக்காரனுக்கு அவை விற்கப்படுகின்றன. நீங்கள் எவ்வளவு நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ அவ்வளவுக்கு அவனுக்குப் பணம். ஆகையால் உங்களை எழுந்து போகவிடாமல் எது பிடித்துவைக்குமோ அதையே அடுத்தடுத்துக் காட்டுவான். உண்மை பிடித்துவைத்தால் உண்மையைக் காட்டுவான், பொய் பிடித்துவைத்தால் பொய்யைக் காட்டுவான். கூகிளில் தேடினாலும் அநேக சமயம் தலைமாட்டில் வந்து நிற்பது காசு கொடுத்த விளம்பரம். நூல் நிலையமோ உங்களை எவனுக்கும் விற்பதில்லை. நீங்கள் ஒரு மணி நேரம் இருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் எழுந்து போனாலும் நூலகருக்குச் சம்பளம் ஒன்றுதான். அவர் பொய் சொல்லி லாபமடைய வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஸ்தாபனம் காப்பாற்றப்பட வேண்டும் என்கிறோம்.

இனி நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பெரியார் படத்தைப் போட்டு அவர் சொல்லாத வாக்கியங்களை அவர் சொன்னதாக அனுப்புகிற தோழர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். "குடிஅரசில் எந்தத் தேதியில்?" என்று கேட்டால், "எங்கோ படித்தேன்" என்கிறார்கள். எங்கோ படித்தேன் என்பதற்கும் எங்கோ புராணத்தில் இருக்கிறது என்பதற்கும் பேதம் என்ன? குடிஅரசு 1925இல் தொடங்கிய பத்திரிகை. அதில் வந்தவை தொகுதி தொகுதியாக நூலாகவும், கம்ப்யூட்டரில் படிக்கிற கோப்பாகவும் இன்று கிடைக்கின்றன. எடுத்துப் பார்க்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்துக்குச் சோம்பல்படுகிறவன் எதிரியின் புளுகைக் கண்டிக்க யோக்கியதையற்றவன். இதைச் சொல்வதற்காகச் சில தோழர்கள் நம்மேல் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

நூலகர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எல்லா நூலகர்களும் நாம் மேலே சொன்ன அம்மாளைப் போன்றவர்களல்ல. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, புஸ்தகம் அழுக்காகிவிடும் என்று பயந்து காவல் காக்கிறவர்களும் உண்டு. புஸ்தகம் இருப்பது உபயோகத்துக்கே, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புஸ்தகம் கிடைக்க வேண்டும், வாசகனின் நேரம் வீணாகக்கூடாது, நூல் நிலையம் வளர்ந்துகொண்டே போகிற ஜீவன் என்றெல்லாம் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931ஆம் வருஷத்திலேயே சட்டமாக எழுதிவைத்தார். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானவர் அவர். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசகன் வரவில்லையென்றால் நூல் நிலையம் வாசகனிடம் போக வேண்டும் என்பதே அந்த வண்டியின் தத்துவம். அன்று மாட்டு வண்டி, இன்று வாட்ஸ்அப், வித்தியாசம் அவ்வளவுதான். ஜனங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள் என்றால் நூலகரும் அங்கே போயாக வேண்டும். போய், புதிதாக வந்த புஸ்தகம் எது, நேற்று ஊரெல்லாம் சுற்றிய வதந்தியில் மெய் எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும்.

அந்த அம்மாள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். வாசகர் வட்டத்துக்கு என்று ஒரு குழு வைத்து, வருகிற புஸ்தகங்களின் அட்டையைப் படமெடுத்து அனுப்புகிறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ராத்திரியில் கேட்கிற சந்தேகங்களுக்கும் பதில் அனுப்புகிறார். யாருடைய செல்போனில்? தன்னுடைய சொந்தச் செல்போனில். யாருடைய செலவில்? தன் சம்பளத்தில். அவர் ஒருவரே இரண்டு நூலகங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இங்கே திறந்திருக்கும் நாளில் அங்கே பூட்டு, அங்கே திறந்திருக்கும் நாளில் இங்கே பூட்டு. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற பையன் செல்போனைத் தட்டாமல் வேறென்ன செய்வான்? பிறகு "ஜனங்கள் நூலகத்துக்கு வருவதில்லை" என்று கணக்கெழுதுகிறார்கள்!

செய்தி இருக்கிறது என்பது வேறு, வேண்டியவனுக்கு வேண்டிய நேரத்தில் வந்து சேர்வது வேறு. இதை நம் கடற்கரை ஜனங்கள் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது, பல நாள் தொழிலுக்காக ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர் வட்டாரத்து மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. காற்றையும் அலையையும் கணக்கிட்டுச் சொல்ல ஐதராபாத்தில் ஒரு சர்க்கார் ஸ்தாபனம் இருக்கிறது. அது சொல்வது இன்டர்நெட்டில் நாள்தோறும் வருகிறது. இன்று மீனவர்கள் தங்களுக்குள் குழு வைத்துக் குரல் செய்தியாகவே பரிமாறிக்கொள்ளுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் அதே குழுவில் ஒரு வீணன், "நாளை சுனாமி வருகிறது" என்று ஒரு பொய்யைத் தட்டிவிட்டால் எதை நம்புவது? கடற்கரை ஊர் நூலகத்தில், இன்ன ஸ்தாபனம் இன்ன தேதியில் இன்னது சொன்னது என்று தமிழில் எழுதி ஒட்டவும், கேட்டால் பதில் சொல்லவும் ஓர் ஆள் இருந்தால் அது எத்தனை வீட்டுக்கு உபகாரம்!

இன்டர்நெட்டில் ஏறிவிட்டால் என்றைக்கும் இருக்கும் என்று நினைப்பதும் ஏமாற்றந்தான். 1990களில் தமிழை இன்டர்நெட்டில் ஏற்றியவர்கள் ஆளுக்கொரு எழுத்து முறை வைத்திருந்தார்கள். ஒரு முறையில் எழுதியதை இன்னொரு முறையில் திறந்தால் புள்ளியும் கோடுமாகத் தெரியும். 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி ஒழுங்குசெய்தார்கள். பிறகு யூனிகோடு வந்தது. மாற்றி எழுதப்படாதவை இன்று படிப்பாரற்றுக் கிடக்கின்றன. லட்சக்கணக்கானவர்கள் எழுதிக் குவித்த ஆர்குட் என்பதைக் கம்பெனிக்காரன் 2014இல் ஒரே உத்தரவில் மூடிவிட்டான். அமெரிக்க காங்கிரஸ் நூலகம், ட்விட்டரில் வருகிற அத்தனையையும் சேர்த்துவைப்பதாக 2010இல் முன்வந்து, கட்டுக்கடங்காமற்போய், 2018 முதல் தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே வைப்பதென்று நிறுத்திக்கொண்டது. செல்லரிப்பு ஓலைக்கு மட்டும் வருவதல்ல. எதை வைப்பது, எப்படி வைப்பது, எந்தப் பெயரில் வைத்தால் நாளைக்குத் தேடுகிறவன் கையில் அகப்படும் என்று அறிந்த தொழில்காரன்தான் நூலகன். அவன் வேலை குறையவில்லை, பத்து மடங்காகியிருக்கிறது.

அதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் நாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். 1948இல் சென்னை ராஜ்யத்தில் பொது நூலகச் சட்டம் செய்தார்கள். சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அந்தச் சட்டப்படி இன்றும் நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி சேர்ந்திருக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கட்டும். வசூலித்த உள்ளாட்சிகள் பல, நூலக ஆணைக்குழுவுக்கு அதை உரிய காலத்தில் கட்டாமல் பாக்கி வைக்கின்றன என்று பத்திரிகைகள் எத்தனையோ தடவை எழுதிவிட்டன. கோவில் உண்டியல் பணத்துக்கு வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கள், இந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா?

களியக்காவிளைக்கு அப்பால் போய்ப் பார்க்கட்டும். நாம் திருவிதாங்கூரில் இருந்த 1945ஆம் வருஷத்தில்தான் பி.என். பணிக்கர் 47 நூல் நிலையங்களைச் சேர்த்துச் சங்கம் கண்டார். அது இன்று ஆயிரக்கணக்கான கிரந்தசாலைகளாக வளர்ந்து, ஊரார் தேர்ந்தெடுத்த கமிட்டியால் நடத்தப்படுகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அது சரியான காரியமே. ஆனால் ஊராரே நூல் நிலையத்தை நடத்தும் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று எவர் சொன்னார்? அங்கேயும் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அதற்காக எவரும் கிரந்தசாலையை இழுத்து மூடிவிடவில்லை.

ஆதலால் நம் தோழர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் சேர்ந்து, சென்ற வருஷம் நம் பஞ்சாயத்து வசூலித்த நூலக வரி எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்க வேண்டும். பதிலை நூலகக் கதவில் ஒட்ட வேண்டும். அந்த நூலகம் தினமும் திறந்திருக்கவும், இன்டர்நெட் கட்டணத்தையும் செல்போன் கட்டணத்தையும் சர்க்காரே கொடுக்கவும் மனுப்போட வேண்டும். வடசேரி, கோட்டாறு, பூதப்பாண்டி, தேரூர்ப் பக்கங்களில் எந்தப் பரணிலாவது பழைய பத்திரிகையோ துண்டுப் பிரசுரமோ கிடந்தால், பழைய காகிதக் கடைக்குப் போடுவதற்கு முன்னால் நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் படமெடுக்கக் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகளைக் கண்டு சிரிக்காமல், அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். நாம் சொன்ன அந்தப் பெரியவர் இப்போது வாரத்துக்கு ஒரு தடவை, நூலகம் திறந்திருக்கிற நாளைப் பார்த்து, செல்போனையும் எடுத்துக்கொண்டு தானாகவே போகிறார். சென்ற வாரம் போயிருக்கிறார், கதவு பூட்டியிருந்ததாம்.